சைக்கிள் சீட்: மெத்தை வேண்டாம், அளவு வேண்டும்

சைக்கிள் சீட்டைப் பற்றி நம் மலருக்கு ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டிலேயே சிரித்தார்கள். ஆனால் சென்ற பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த மூன்று பேர் ஒரே குறையை மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவர் தமக்காக வாங்கியது, ஒருவர் கல்லூரி போகும் மகனுக்காக வாங்கியது, ஒரு சகோதரி உடல் இளைப்பதற்காக வாங்கியது. மூன்று சைக்கிள்களும் பத்துப் பதினைந்து நாட்கள் ஓடின. அதன் பிறகு பால்கனியில் துண்டு காயப்போடத்தான் பயன்படுகின்றன. "உட்கார முடியவில்லை" என்பதே மூவரும் சொன்ன காரணம். நானும் அந்த நிலையில் இருந்து மீண்டவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் புனேக்கு வந்தது 1978-ல். "சைக்கிள் நகரம்" என்று புனே பெயர் பெற்றிருந்த காலம் அது. கிர்கி தொழிற்சாலையில் சங்கு ஊதினால் சாலை முழுக்கச் சைக்கிள்தான். என்னிடமும் ஒரு கறுப்புச் சைக்கிள் இருந்தது. தினமும் போக வரப் பதினான்கு கிலோமீட்டர் மிதித்தேன். சீட் உறுத்துகிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பிறகு ஸ்கூட்டர் வந்தது, குடும்பம் வளர்ந்தது, கறுப்புச் சைக்கிள் போயிற்று. அதன் சீட் மட்டும் ஏனோ பரணில் தங்கிவிட்டது.

ஓய்வு பெற்ற பின் 2022-ல் இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. டாக்டர் உடற்பயிற்சி வேண்டும் என்றார். கியர் வைத்த புதுச் சைக்கிள் ஒன்று வாங்கி, காலையில் பாஷாண் ஏரி வரை போய் வரத் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் சீட்டில் படும் இடம், சொல்லக் கூச்சமான இடம், மரத்துப் போகும். இறங்கி நடந்தால் சற்று நேரத்தில் உணர்ச்சி திரும்பும். "மெத்தென்ற உறை போடுங்கள், சரியாகிவிடும்" என்றார்கள். ஜெல் அடைத்த தடித்த உறை ஒன்று வாங்கிப் போட்டேன். மரத்துப் போவது முன்பைவிட விரைவாக வந்தது! இதை யாரிடம் சொல்வது? இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரே கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வலியைக்கூடக் கொஞ்சம் பொறுக்கலாம், மரத்துப் போவதைப் பொறுக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு ஏற்கெனவே நலிந்திருக்கக்கூடும். சைக்கிளை விட வேண்டாம், சீட்டை மாற்றுங்கள்" என்றார்.

அன்று மாலை பரணில் இருந்த பழைய சீட்டை இறக்கினேன். தோல் வெடித்திருந்தது. ஆனால் அதன் பின்பகுதியில், இடமும் வலமுமாக, இரண்டு பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. பல வருடம் நான் உட்கார்ந்து பதித்த தடம்! அதை எடுத்துக்கொண்டு ராஸ்தா பேட்டில் ஒரு சின்ன சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரக் காகா பள்ளங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மௌ நகோ, மாப் பாஹிஜே" என்றார். மெத்தென்று இருக்க வேண்டாம், அளவாக இருக்க வேண்டும் என்று பொருள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கம்தான்.

எடை எங்கே விழ வேண்டும்?

மரப் பெஞ்சில் உட்கார்ந்து, இரு உள்ளங்கைகளையும் பிட்டத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் குமிழ் போல் ஒவ்வோர் எலும்பு தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடி முனைகள் இவை. உட்காரும்போது உடலின் எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை. அவற்றின் மேல் உள்ள தசையும் தோலும் அழுத்தத்தைத் தாங்கப் பழகக் கூடியவை.

இந்த இரண்டு எலும்புகளுக்கும் நடுவே, தொடைகள் சேரும் இடத்தில், எலும்பின் ஆதரவு இல்லாத மென்மையான பகுதி இருக்கிறது. பிறப்புறுப்புக்குச் செல்லும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் இந்த வழியாகத்தான் போகின்றன. எடை இங்கே விழுந்தால் நரம்பு நசுங்குகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது. மரத்துப் போவதன் காரணம் இதுதான்.

ஆக, நல்ல சீட் என்றால் எலும்புகள் இரண்டும் அதன் மேல் உறுதியாக அமர வேண்டும். நடுப்பகுதியில் அழுத்தம் விழக் கூடாது.

மெத்தென்றிருந்தால் சுகம் இல்லையா?

ஊரில் நம் வீட்டு ஊஞ்சல் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். தேக்குப் பலகைதான், மெத்தை கிடையாது. மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். தட்டையான பலகையில் எலும்புகள் எடையை ஏற்றுக்கொள்கின்றன, நடுப்பகுதி அழுந்துவதில்லை. இனி அதே பலகையில் இலவம்பஞ்சுத் தலையணையைக் கவட்டுக்குள் வருமாறு குறுக்கி வைத்து அதன் மேல் உட்கார்ந்தால் என்ன ஆகும்? எலும்புகள் இரண்டும் பஞ்சுக்குள் இறங்கும். இறங்கிய அளவுக்கு நடுவில் பஞ்சு பிதுங்கி மேலே எழும். எது படக் கூடாதோ அந்த இடத்தில் போய் முட்டும்.

என் ஜெல் உறை செய்த வேலையும் இதுதான். கடையில் கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கும்போது மெத்தென்ற சீட் மனத்தைக் கவரும். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தாலும் சுகமாகவே இருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல்தான் குணம் தெரியும். மார்க்கெட் வரை போய் வருபவர்களுக்கு மெத்தென்ற சீட்டால் தொல்லை இல்லை. நெடுநேரம் ஓட்டுபவர்களுக்கு, சற்றே கெட்டியாக, அளவு பொருந்திய சீட்தான் சுகம்.

அட்டையும் சாக்பீஸும்

அளவு எடுக்கக் கருவி எதுவும் வேண்டாம். மளிகைச் சாமான் வந்த அட்டைப் பெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்குமே, அதிலிருந்து ஓர் அடிச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். மெத்தை இல்லாத ஸ்டூலிலோ மாடிப் படியிலோ அதை வைத்து, மெல்லிய துணி உடுத்தி அதன் மேல் உட்காருங்கள். குதிகாலைத் தூக்கி முழங்கால் சற்று உயரும்படி வைத்து, சிறிது முன்னால் சாய்ந்து, ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். எழுந்ததும் அட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். சரியாகத் தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்க வைத்து மேலே தேயுங்கள். பள்ளங்களில் மட்டும் சாக்குப்பொடி படியாது. ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மறு பள்ளத்தின் நடு வரை அளக்க வேண்டும்.

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இடைவெளி 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் வரும். ஒரு சிலருக்குக் கூடக் குறைய இருக்கலாம். உயரத்தையோ பருமனையோ பார்த்து இதை ஊகிக்க முடியாது. ஒல்லியான ஒருவருக்கு 13 வரலாம், பருமனான ஒருவருக்கு 11 வரலாம். எனக்கு 13 வந்தது. பழைய தோல் சீட்டின் பள்ளங்களையும் அளந்தேன். அதுவும் 13!

புதுச் சைக்கிளோடு வந்த சீட்டின் அகலமோ பதின்மூன்றரை. சீட்டின் ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்திருப்பதால், உட்காரத் தகுந்த தட்டையான பகுதி அதைவிடக் குறைவு. என் எலும்புகள் இரண்டும் ஓரச் சரிவில் நின்றிருக்கின்றன. எடை முழுவதையும் நடுப்பகுதி சுமந்திருக்கிறது. குற்றம் சைக்கிளிலும் இல்லை, என் வயதிலும் இல்லை.

குனிவைப் பார்த்து அகலம்

எலும்பின் இடைவெளியே சீட்டின் அகலம் ஆகிவிடாது. அதோடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது நீங்கள் உட்காரும் தோரணையைப் பொறுத்தது. முன்னால் குனியக் குனிய இடுப்பெலும்பும் முன்னால் சாய்கிறது. அப்போது சீட்டில் படுவது, எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கும் முன்பகுதி. ஆகவே நன்றாகக் குனிந்து வேகமாக ஓட்டுபவர்களுக்குக் குறுகலான சீட் போதும். நிமிர்ந்து உட்காருபவர்களுக்கு முழு எடையும் பின்பகுதியில் விழுவதால் அகலமான சீட் வேண்டும்.

கைவசம் வைத்துக்கொள்ளத் தக்க கணக்கு இது. வளைந்த ஹாண்டில்பாரைப் பிடித்துக் குனிந்து ஓட்டினால் எலும்பு இடைவெளியுடன் சுமார் 2 சென்டிமீட்டர் கூட்டுங்கள். நேர் ஹாண்டில்பார் வைத்த கியர் சைக்கிளில் அரைக் குனிவாக ஓட்டினால் 3 அல்லது 4 கூட்டுங்கள். முழுக்க நிமிர்ந்து ஓட்டும் பழைய பாணிச் சைக்கிளுக்கு 20 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள சீட் பொருந்தும். மில் வேலைக்கும் ஆபீஸுக்கும் கறுப்புச் சைக்கிளில் போன தலைமுறை உறுத்தல் இல்லாமல் ஓட்டியதன் இரகசியம் இதுதான். நிமிர்ந்த தோரணை, அகலமான சீட், அடியில் சுருள் ஸ்பிரிங். நான் தோரணையை மாற்றிவிட்டேன். சீட்டையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தெரியாமல் போயிற்று.

அதே சமயம், அகலம் கூடக் கூட நல்லது என்றும் எண்ண வேண்டாம். தேவைக்கு மேல் அகன்ற சீட்டில் மிதிக்கும்போது தொடையின் உட்புறம் உரசிப் புண்ணாகும்.

நடுவில் பள்ளமோ நீளவாட்டில் துளையோ உள்ள சீட்டுகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. அகலம் சரியாக இருந்து, அதோடு இந்தப் பள்ளமும் இருந்தால் நல்லது. அகலம் தவறாக இருந்தால் பள்ளத்தால் மட்டும் பயன் இல்லை.

பெண்களுக்கு

பெண்களின் இடுப்பெலும்பு பொதுவாக ஆண்களுடையதைவிடச் சற்று அகன்றது. அதனால் கணவரின் சைக்கிளையோ அண்ணனின் சைக்கிளையோ ஓட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குச் சைக்கிள் ஒத்துவராது" என்று விட்டுவிட்டவர்கள் பலர். ஒத்துவராதது சைக்கிள் அல்ல, அதன் சீட். என் மனைவிக்கு அட்டையில் 14 வந்தது. குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதால், 20 சென்டிமீட்டர் அகலமும் ஸ்பிரிங்கும் உள்ள சீட் வாங்கிப் போட்டோம். மூக்கு குட்டையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். நீண்ட மூக்கு, ஏறி இறங்கும்போது புடவையிலும் சல்வாரிலும் மாட்டும். எனினும் கடையில் "லேடீஸ் சீட்" என்று சொல்வதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அட்டைதான் சாட்சி.

பிள்ளைகள் விஷயம் வேறு. வளரும் பிள்ளைக்குச் சீட்டின் உயரத்தைச் சில மாதங்களுக்கு ஒரு முறை சரி பார்க்க வேண்டும். கற்றுக்கொள்ளும்போது இரு காலும் தரையில் பதியத் தாழ்த்தி வைத்ததை, கற்ற பின்னும் அப்படியே விட்டுவிடுகிறோம். முழங்கால் மார்பில் இடிக்கும்படி மிதித்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கலாம்.

தோலா, ரெக்சினா?

தோல் சீட்டுக்கு நெடிய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1866-ல் தோல் வியாபாரம் தொடங்கிய ஜான் போல்ட்பீ புரூக்ஸ் என்பவர், 1882-ல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரிலான தோல் சீட்டுகள் இன்றும் விற்பனையாகின்றன. இரும்புச் சட்டத்தில் தடித்த தோலை இழுத்துக் கட்டுவது இதன் முறை. தொடக்கத்தில் கட்டை போல் இருக்கும். ஓட்ட ஓட்ட, எலும்பு படும் இடத்தில் மட்டும் தோல் இறங்கி, ஓட்டுபவரின் அளவுக்கே அமைந்துவிடும். பரணில் இருந்த என் சீட்டில் கண்ட பள்ளங்கள் இப்படி விழுந்தவையே. ஆனால் தோல் மழைக்கு ஆகாது. அவ்வப்போது அதற்கான மெழுகு பூச வேண்டும். தளர்ந்தால் முன்னால் உள்ள நட்டைச் சிறிது முறுக்க வேண்டும். புனே மழைக்காலத்தில் சீட்டுக்கு உறை போட மறப்பவர்கள் தோல் வாங்காமல் இருப்பதே நல்லது.

ரெக்சின், பிளாஸ்டிக் மேலுறை போட்ட ஃபோம் சீட்டுக்கு இந்தப் பராமரிப்பு வேண்டாம். ஆனால் வெயிலில் நிறுத்தி நிறுத்தி மேலுறை வெடித்தால், மழைத் தண்ணீர் ஃபோமுக்குள் இறங்கிவிடும். வெளியே காய்ந்தது போல் தெரியும், உட்கார்ந்ததும் ஈரம் கசியும். வெடிப்பு கண்டதும் மாற்றிவிடுங்கள்.

ஸ்பிரிங் பற்றி ஒரு வார்த்தை. நிமிர்ந்து உட்கார்ந்து மேடுபள்ளச் சாலையில் போகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். குனிந்து வேகமாக மிதிப்பவர்களுக்கு உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும். மிதிக்கும் சக்தி வீணாகும்.

வாங்கப் போகும்போது பழைய சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கறுப்புச் சைக்கிளின் சீட் கிளிப் போட்டுப் பில்லரில் மாட்டுவது. புதிய சைக்கிள்களின் சீட்டில் இரண்டு மெல்லிய கம்பிகள் தண்டவாளம் போல் ஓடும். ஒன்றுக்கானது மற்றொன்றில் அப்படியே பொருந்தாது.

வாங்கிய பின் சரிசெய்ய வேண்டிய மூன்று

சரியான சீட்டையும் தவறாகப் பொருத்தினால் பழைய கதைதான். முதலில் உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறி, பெடலைக் கீழே கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். சீட் அதிக உயரமானால் இடுப்பு இடமும் வலமும் ஆடும், தோல் உரசும். அதிகம் தாழ்ந்தால் கால்கள் எடையைப் பகிர்ந்துகொள்ளாமல் எல்லாம் சீட்டின் மேல் விழும், முழங்காலும் வலிக்கும். சீட் பில்லரில் "இதற்கு மேல் தூக்காதே" என்பதற்கான கோடு இருக்கும். அதைத் தாண்ட வேண்டாம்.

இரண்டாவது சாய்வு. சீட்டின் மேல் நீளவாட்டில் ஓர் அட்டைப் புத்தகத்தை வைத்து, அதன் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கைப்பேசியிலேயே இப்போது ரசமட்டம் இருக்கிறது. சமமாக இருக்க வேண்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் நடுப்பகுதி அழுந்தும். ரொம்பவும் கீழே சாய்த்தால் உடம்பு முன்னால் வழுக்கி, மணிக்கட்டு வலி வரும். தேவைப்பட்டால் இம்மி அளவு மட்டும் கீழே சாய்க்கலாம்.

மூன்றாவது முன்பின் தூரம். இரு பெடல்களையும் தரைக்குச் சமமாக நிறுத்தி, முன்காலின் முழங்கால் சில்லுக்கு முன்பக்கத்திலிருந்து, நூலில் ஒரு நட்டைக் கட்டிக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போல் தொங்கவிடுங்கள். நூல் பெடலின் அச்சுக்கு அருகே விழுந்தால் போதும். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததை மாற்றுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எதனால் குணம் கண்டது என்று தெரியாது.

எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது?

புதுச் சீட்டில் முதல் ஒன்றிரண்டு வாரம் எலும்பு படும் இடத்தில் மந்தமான வலி இருப்பது சகஜம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டினால் பழகிவிடும். நடுப்பகுதியில் மரத்துப் போவதும், ஊசி குத்துவது போன்ற உணர்ச்சியும் பழக வேண்டியவை அல்ல.

அமெரிக்க அரசின் தொழிலிட நல ஆய்வு நிறுவனம், சைக்கிளில் ரோந்து செல்லும் 90 ஆண் போலீஸ்காரர்களுக்கு மூக்கு இல்லாத சீட் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னது. ஆய்வு வெளியானது 2008-ல். மரத்துப் போவதே இல்லை என்று சொன்னவர்கள் தொடக்கத்தில் 27 சதவீதம், முடிவில் 82 சதவீதம். மரத்துப் போவதற்குக் காரணம் நடுப்பகுதியின் அழுத்தமே என்பதற்கும், சீட்டை மாற்றினால் தீரும் என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டுமா? மூக்கில்லாத சீட் எல்லோருக்கும் தேவை என்பதல்ல. சைக்கிளைத் தொடையால் திருப்பப் பழகியவர்களுக்கு அதில் பிடிப்புக் குறைவாகத் தோன்றும். வேறு எதுவும் பலன் தராதவர்களுக்கு அது நல்ல வழி.

ஓட்டும்போதும் சில பழக்கங்கள் உதவும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நின்று சில விநாடி மிதியுங்கள். வேகத்தடை வந்தால் உட்கார்ந்தபடியே ஏற வேண்டாம். ஜீன்ஸின் தடித்த தையல்கள் கூடும் இடம் நேரே நடுப்பகுதியில் உறுத்தும். தையல் மெல்லியதாக உள்ள கால்சட்டை நல்லது. இறங்கிய பிறகும் நெடுநேரம் உணர்ச்சி திரும்பாவிட்டாலோ, சிறுநீர் கழிப்பதில் தொல்லை இருந்தாலோ, கூச்சத்தை விட்டு டாக்டரிடம் போங்கள். நான் இரண்டு மாதம் வீணாக்கியது போல் நீங்கள் வீணாக்க வேண்டாம்.

இப்போது என் சைக்கிளில் பதினாறரை சென்டிமீட்டர் அகலமுள்ள, சற்றே கெட்டியான, நடுவில் பள்ளம் உள்ள சீட் இருக்கிறது. பாஷாண் ஏரியைத் தாண்டியும் போய் வருகிறேன். மரத்துப் போவது அறவே நின்றுவிட்டது. ஜெல் உறையை எடுத்துவிட்டேன். வாசலில் கோலம் போடும்போது முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்ள அது மிகவும் வசதி என்று என் மனைவி சொல்கிறாள்.

பொங்கல் பந்தியில் குறை சொன்ன மூவருக்கும் அட்டை வெட்டிக் கொடுத்தாயிற்று. மற்றவர்களும் பால்கனியில் இருக்கும் சைக்கிளை விற்கும் முன், ஒரு நிமிடம் அட்டையில் உட்கார்ந்து பாருங்கள். அளக்க உதவி வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலை நம் சங்க நூலகத்தில்தான் இருப்பேன். சைக்கிளில்தான் வருவேன்.